தகப்பன் வீட்டைக் காட்ட முடியாத 652 பேர்

எஸ்றா நூலின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்து யாரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை. அதில் கதை கிடையாது, அற்புதம் கிடையாது. பாரோஷின் வம்சத்தார் 2,172 பேர், எரிகோ ஊரார் 345 பேர், பெத்லகேம் ஊரார் 123 பேர் என்று தாலுகா ஆபீஸ் பலகையில் ஒட்டிய பயனாளிகள் பட்டியல் மாதிரி நீண்டுகொண்டே போகும். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூதக் குடும்பங்கள், பாரசீக அரசன் கோரேஸ் காலத்தில் ஊர் திரும்பியபோது எழுதப்பட்ட கணக்கு அது. கொஞ்சம் எண்கள் மாறி, நெகேமியா நூலின் ஏழாம் அதிகாரத்திலும் அதே பட்டியல் இருக்கிறது.

பேராவூரணியில் மாலை நேரத்தில் நாங்கள் சிலர் கூடி வாசிப்பதுண்டு. அங்கே இந்தப் பட்டியல் வந்து சேர்ந்தது வேறொரு பேச்சிலிருந்து. கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவருக்குச் சாதிச் சான்றிதழ் இழுத்துக்கொண்டே போனது. அவருடைய தாத்தா குடும்பம் 1970களில் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். "உங்க அப்பா வழியில பழைய ஆவணம் ஏதாவது கொண்டா" என்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கூட இருந்த கிறிஸ்தவத் தோழர் ஒருவர், "இது எஸ்றாவுல அப்படியே இருக்கு தோழர்" என்றார். அன்றிரவே எடுத்து வாசித்தோம்.

அவர் சொன்ன இடம் 59-ம் வசனத்தில் தொடங்குகிறது. தெல்மெலாக், தெல்அர்சா, கேருப் முதலிய ஊர்களிலிருந்து தெலாயா, தொபியா, நெகோதா என்னும் மூன்று குடும்பத்தார் வருகிறார்கள். மொத்தம் 652 பேர். நெகேமியாவின் கணக்கில் 642. தாங்கள் இஸ்ரவேலர்தான் என்பதற்கு இவர்களால் தகப்பன் வீட்டு வம்சாவளியைக் காட்ட முடியவில்லை. அடுத்து, ஆசாரியர்கள் என்று சொல்லிக்கொண்டு வந்த மூன்று குடும்பங்கள்: அபாயா, அக்கோஸ், பர்சில்லாய். இவர்கள் வம்ச அட்டவணையில் தங்கள் பெயரைத் தேடுகிறார்கள், கிடைக்கவில்லை. தீட்டுள்ளவர்கள் என்று ஆசாரிய ஊழியத்திலிருந்து நீக்கப்படுகிறார்கள். ஊரீம் தும்மீம் கொண்டு கடவுளிடம் கேட்டுச் சொல்லக்கூடிய ஆசாரியன் ஒருவன் எழும்பும் வரைக்கும் பரிசுத்த உணவைச் சாப்பிடக் கூடாது என்று ஆளுநர் உத்தரவு போடுகிறார். நம்ம ஊர் மொழியில் சொன்னால், ஃபைல் நிலுவையில் இருக்கிறது.

தீட்டு என்ற சொல்லைக் கவனியுங்கள். இவர்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. தாள் இல்லை, அதனால் தீட்டு.

பட்டியலின் மற்ற இடங்களையும் விட்டுவிடக் கூடாது. ஆசாரியர் 4,289 பேர். அவர்களுக்கு அடுத்த நிலையிலிருந்த லேவியர் வெறும் 74 பேர். அதற்கும் கீழே நிதனீமியர். எபிரேயத்தில் அந்தச் சொல்லுக்குக் 'கொடுக்கப்பட்டவர்கள்' என்று பொருள். கோயில் வேலைக்கென்று கொடுக்கப்பட்டவர்கள். சாலொமோனின் வேலைக்காரர் வம்சத்தையும் சேர்த்து 392 பேர். சபையார் மொத்தம் 42,360 பேர் என்று கூட்டிச் சொன்ன பிறகு, இவர்களைத் தவிர அடிமைகளும் அடிமைப் பெண்களும் 7,337 பேர் என்று ஒரு வரி வருகிறது. ஊர் பெயர் இல்லை, குடும்பப் பெயர் இல்லை, எண் மட்டும். அதற்குப் பிறகு குதிரைகள் 736, கோவேறு கழுதைகள் 245, ஒட்டகங்கள் 435, கழுதைகள் 6,720. பண்ணைக் கணக்கில் ஆளையும் மாட்டையும் அடுத்தடுத்து எழுதிய மண்ணில் பிறந்த நமக்கு இந்த வரிசைக்கு விளக்கவுரை தேவையில்லை.

சிறைபோனவர்கள் அங்கே எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு இப்போது வேதாகமத்துக்கு வெளியிலும் சான்று இருக்கிறது. 'யூதா ஊர்' என்று பொருள்படும் அல்-யாகுது என்னும் குடியிருப்பைச் சேர்ந்த ஆப்பெழுத்துக் களிமண் பலகைகள் 2014-ல் ஒரு தொகுதியாக வெளியிடப்பட்டன. கி.மு. 572-ல் தொடங்கும் ஆவணங்கள். குத்தகை, கடன், வரி, பார்லி, பேரீச்சை என்று எல்லாம் வயல் கணக்கு. வாய்க்கால் பாசன நிலத்தில் அரசனுக்குச் சேவை செய்யும் நிபந்தனையோடு குடியமர்த்தப்பட்ட சனங்கள் அவர்கள். தெல்மெலாக் என்றால் உப்பு மேடு. 'தெல்' என்பது பாழடைந்த பழைய ஊரின் மேடு. தாள் இல்லாத அந்த 652 பேர் வந்த ஊர்களில் இரண்டுக்குப் பாழ்மேட்டின் பெயர் இருக்கிறது. ஊருக்குத் தள்ளி, யாரும் வேண்டாத நிலத்தில் இவர்களைக் குடிவைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படிப்பட்ட இடத்தில் இருந்தவர்களிடம் எந்தக் கணக்கப்பிள்ளை வம்ச அட்டவணை எழுதி வைத்திருப்பான்?

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. ஒடுக்கப்பட்டோர் வேதாகமத்தை வாசிக்கும்போது உடனே சிறைபோனவர்களோடு நம்மை அடையாளம் கண்டுகொள்கிறோம். எஸ்றா பட்டியலில் அது அவ்வளவு எளிதல்ல. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் அரச குடும்பத்தார், அதிகாரிகள், கைவினைஞர்கள், வசதி உள்ளவர்கள்தான் முன்னால் நின்றவர்கள். ஒன்றுமில்லாத ஏழைகளைத் தளபதி நெபுசராதான் ஊரிலேயே விட்டுவிட்டு, அவர்களுக்குத் திராட்சைத் தோட்டங்களையும் வயல்களையும் கொடுத்தான் என்று எரேமியா 39-ம் அதிகாரம் சொல்கிறது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு உழுதவர்கள் அவர்கள். திரும்பி வந்தவர்கள் கையில் பட்டியல் இருந்தது. நிலத்தில் நின்றவர்கள் கையில் மண்வெட்டிதான் இருந்தது. பிறகு வரும் அதிகாரங்களில் 'தேசத்து ஜனங்கள்' என்ற சொல் அந்நியர், அசுத்தர் என்ற தொனிக்கு மாறிவிடுகிறது. பத்தாம் அதிகாரத்தில் அப்படிப்பட்ட பெண்களை மணந்தவர்களுக்கு ஒரு தனிப் பட்டியலே போட்டு, அந்தப் பெண்களைப் பிள்ளைகளோடு தள்ளிவிடச் சொல்கிறார்கள். அந்தப் பெண்களின் பெயர் ஒன்றுகூட எழுதப்படவில்லை.

ஆகவே அந்த நீளப் பட்டியலில் நம் ஆட்களைத் தேடினால், 42,360-க்குள் தேடக் கூடாது. 7,337-ல் தேடலாம், நிதனீமியரில் தேடலாம், உப்பு மேட்டிலிருந்து வந்த 652 பேரில் தேடலாம்.

இனி அந்தத் தம்பியின் குடும்பத்துக்கு வருவோம். 19-ம் நூற்றாண்டில் முதலில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் என்று தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், சேலம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் ஆள் பிடித்தார்கள். போனவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். பண்ணையாரிடம் பட்ட கடனைவிட்டு ஓடியவர்கள் கங்காணியிடம் கடன்பட்டார்கள். அந்தக் கடன் தொகையை எழுதிய தாளுக்குத் 'துண்டு' என்று பெயர். துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921-ல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. நம் முன்னோர் பெயர் எழுதப்பட்ட ஆவணங்களில் அதுவும் ஒன்று, எவ்வளவு கடன் என்பதற்காக எழுதப்பட்டது. தோட்டத்துச் செக்ரோலில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்றே சொல்வார்கள். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். முழு ஆளாக எழுதப்படுவதற்குக்கூட நிறை காட்ட வேண்டும்.

1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்ற கையோடு வந்த குடியுரிமைச் சட்டத்தை எஸ்றா 2-ஐப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். இலங்கையிலேயே பிறந்திருந்தாலும் போதாது. தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பன் வழித் தாத்தாவும் அவருடைய தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்து அறையில் பிறந்தவனிடம் தாத்தாவின் பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். தாய் வழி கணக்கிலேயே இல்லை. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போனது. லட்சக்கணக்கானவர்கள் ஒரே இடத்தில் நின்றபடியே நாடற்றவர்கள் ஆனார்கள்.

1964 அக்டோபர் 30-ல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டபோது 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேர் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மிச்சத்தையும் 1974-ல் ஆளுக்கு 75,000 என்று பாதியாக வெட்டினார்கள். சம்பந்தப்பட்ட மக்களிடம் யாரும் கேட்கவில்லை. எஸ்றாவின் எழுத்தர் குதிரைகளை எண்ணியதுபோல எண்ணினார்கள். தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் குடும்ப அட்டையோடு நின்றவர்கள் பலர் அதற்கு முன் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அரசாங்கத் தாள்களில் அவர்களுக்குப் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. எங்கிருந்தோ வந்தவர்களைத் திரும்பியவர்கள் என்று எழுதிவிட்டால், அவர்களுக்கு ஏற்கெனவே இங்கே வீடு இருக்கிறது என்று அர்த்தமாகிவிடுகிறது. இருந்ததா?

நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் ஒரு பங்கு. கொடைக்கானல் மலையில் மரம் வெட்டப் போய்க் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்கள் உண்டு. ஒரு பகுதியினர் தாத்தா சொன்ன ஊர்ப் பெயரைப் பிடித்துக்கொண்டு நம் பக்கத்துக்கு வந்தார்கள். வந்த இடத்தில் என்ன நடந்திருக்கும் என்பதற்கு ஒரு தேதி போதும். பண்ணையாரின் மனையில் குடியிருந்தவர்களுக்கே அந்த மனையைச் சொந்தமாக்கிய குடியிருப்புச் சட்டம் 1971-ல் வந்தது. கீழத்தஞ்சையில் வெண்மணிக்கு முன்னும் பின்னும் சிந்திய ரத்தத்தின் பின்னணியில் வந்த சட்டம், நமக்கு மிகவும் வேண்டிய சட்டம். அதன்படி 1971 ஜூன் 19 அன்று அந்த மனையில் குடியிருந்திருக்க வேண்டும். அந்தத் தம்பியின் தாத்தா அன்றைக்கு ஹட்டன் பக்கத்தில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருடம் கழித்து வந்தவருக்குச் சேரியில் ஒரு பங்காளியின் திண்ணை கிடைத்தது. பங்காளிக்கும் மூன்று சென்ட்தான். நம் சேரிகளில் வந்தவர்களைச் 'சிலோன்காரன்' என்று இரண்டு தலைமுறை அழைத்ததையும் மறைக்காமல் எழுத வேண்டும்; பண்ணையார் மட்டும் செய்த வேலை அல்ல அது.

சாதிச் சான்றிதழ் சங்கதிக்கு வருகிறேன். அவர்களுடைய பழைய தாளில் பூர்வீகம் 'பட்டுக்கோட்டை தாலுகா' என்று இருக்கிறது. இன்று அந்த ஊர் பேராவூரணி வட்டம். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதிய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். தாத்தாவின் பெயர் ஒரு தாளில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி. சாதி என்ற இடம் காலி. சேரியில் குடியிருப்பதும், ஊர்த் தேருக்கு வடம் தொட விடாததும், டீக்கடையில் ஒரு காலத்தில் தனிக் குவளை வைத்ததும் சாதிக்குச் சாட்சி ஆகாது. தீண்டாமைக்கு ஆவணம் தேவைப்படவில்லை. அதற்கான நிவாரணத்துக்கு மட்டும் தேவைப்படுகிறது. அவர்களில் யாராவது ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதாகத் தெரிந்தால், 1950-ம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை வேறு குறுக்கே வந்து நிற்கும்.

எஸ்றா பட்டியலில் எங்களை அதிக நேரம் பேசவைத்தது அக்கோஸ் குடும்பம்தான். ஆசாரியப் பட்டியலில் பெயர் இல்லை என்று நீக்கப்பட்ட குடும்பம் அல்லவா? நெகேமியா மூன்றாம் அதிகாரத்தில் அலங்கம் கட்டுகிறவர்களில் அக்கோஸின் மகனான உரியாவின் மகன் மெரெமோத் என்று ஒருவர் வருகிறார். எஸ்றா எட்டில் கோயிலின் வெள்ளியும் பொன்னும் நிறுத்து ஒப்படைக்கப்படுவது ஆசாரியனாகிய உரியாவின் மகன் மெரெமோத் கையில். ஒரே ஆள் என்றுதான் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் எப்படியோ அந்தக் குடும்பத்தின் ஃபைல் நகர்ந்துவிட்டது. ஊரீம் தும்மீமோடு யாரும் வந்ததாக நூலில் இல்லை. நெகோதா குடும்பத்தைப் பற்றியோ பிறகு ஒரு வார்த்தை கிடையாது. நெகோதா என்ற அதே பெயர் நிதனீமியர் பட்டியலிலும் இருக்கிறது. கீழே இருப்பவர்களின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்ததுதான் அவர்களைச் சந்தேகிக்கக் காரணமோ என்று நான் நினைப்பதுண்டு.

யூதச் சமூகத்தைச் சாதிச் சமூகம் என்று நான் சொல்ல வரவில்லை. நூற்றாண்டுகளாக ஓடி ஒளிந்து வாழ்ந்த மக்கள் அவர்கள். பட்டியல் என்ன செய்யும் என்பதைத்தான் சொல்கிறேன். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில் திருமண விதிகளைப் பேசும் பகுதி, பாபிலோனிலிருந்து பத்து வகைப் பிறப்பினர் வந்தார்கள் என்று வரிசை போடுகிறது. ஆசாரியர், லேவியர், இஸ்ரவேலர் என்று தொடங்கி, கடைசியில் நிதனீமியர், தகப்பன் யாரென்று தெரியாதவர், தெருவில் கண்டெடுத்த பிள்ளை என்று முடிகிறது. யார் யாரை மணக்கலாம் என்பதற்கான வரிசை அது. மேலே உள்ளவர்களுக்கும் கீழே உள்ளவர்களுக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஊர் திரும்பியபோது போட்ட கணக்கு, கல்யாண வாசலில் காவல் நிற்கிறது.

அந்தத் தம்பியின் மனுவோடு வைக்க, அவர்கள் வீட்டு வம்சாவளியை நாங்களே எழுத உட்கார்ந்தோம். மண்டபம் முகாமில் கொடுத்த அட்டை, ஓர் அத்தை நீலகிரியில் வாங்கிய சான்றிதழின் நகல், சேரியில் மூன்று பெரியவர்களின் வாக்குமூலம் எல்லாம் சேர்ந்தன. அப்பாயிக்கு எண்பது வயதுக்கு மேல். கணவர் பெயரைச் சொல்லாமல் பேரனைக் காட்டி, "இவன் பேருதான் அவுகளுக்கும்" என்றார். மாமனார் பெயரைச் சொன்னார், மாமியார் பெயரையும் நாங்கள் கேட்காமலே சொன்னார். மாமனாரின் தகப்பன் பெயர் என்ன அப்பாயி என்று கேட்டதற்கு வெகுநேரம் யோசித்தார்.

"அவரு பேரு தெரியலையேப்பா. அவர இட்டுக்கிட்டுப் போன கங்காணி பேரு வேணும்னா சொல்றேன்."