வலிக்குக் கிடைத்த தராசு

1940. இலங்கையின் ஊவா மலையில், வெலிமடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் அந்தி சாயும் நேரம் மடுவத்தில் கொழுந்து நிறுத்தார்கள். றாத்தல் கணக்கு ஒழுங்காகப் பதிவாயிற்று. கூடைக்கயிறு தலையை இழுத்து இழுத்து, கழுத்திலும் இடுப்பிலும் ஏறிய வலியை நிறுக்கத்தான் தராசு இல்லை. அப்படியொரு தராசைச் செய்துவிடும் ஆசையில், அதே காலத்தில் நியூயார்க்கில் மூன்று பேர் தங்கள் நெற்றியிலேயே கறுப்பு மை பூசிக்கொண்டார்கள்.

கார்னெல் மருத்துவக் கல்லூரியின் ஜேம்ஸ் ஹார்டி, ஹாரல்ட் வுல்ஃப், ஹெலன் குட்டெல் ஆகியோர்தான் அவர்கள். விளக்கின் வெப்பத்தை 3 வினாடி நெற்றியில் பாய்ச்சி, எந்தச் சூட்டில் வலி தொடங்குகிறது என்று குறித்தார்கள். பின்னாளில் ‘டோல்’ என்று வலிக்கு ஓர் அலகே பிறந்தது, உச்சம் 10.5. ஆனால் அதற்குள் உலகப்போர் வேறொரு கதை சொல்லியிருந்தது.

இத்தாலிப் போர்முனையில் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர், படுகாயப்பட்ட சிப்பாய்களிடம் வலிமருந்து வேண்டுமா என்று கேட்டார். ஏறக்குறைய நாலில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள்! அந்தக் காயம் அவர்களைச் சாவின் வாயிலிருந்து மீட்டு ஊருக்கு அனுப்பப்போகிறது என்று பீச்சர் விளக்கம் கண்டார். போருக்குப் பிறகு பார்த்தால், அதைவிடச் சின்ன அறுவைக் காயத்தோடு கிடந்த நோயாளிகள் கூடுதலாக மருந்து கேட்டார்கள். புண்ணின் ஆழத்துக்கும் வலிக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. பிறகு எதை வைத்து அளப்பது?

1950களில் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில், காலை இழந்த ஒரு மூதாட்டி, இல்லாத அந்தக் கால் எரிகிறது, நசுங்குகிறது என்று தவித்தார். ரொனால்ட் மெல்சாக் என்ற இளம் உளவியலாளர் அந்தச் சொற்களை எழுதிக்கொண்டார். மற்ற நோயாளிகள் சொன்னவையும் சேர்ந்து நூறைத் தாண்டின. 1975இல் 78 சொற்களோடு அவருடைய மெக்கில் வினாத்தாள் வெளிவந்தது. எப்படி வலிக்கிறது என்பதை அது சொல்லிற்று. அந்த வலி ஒருவரின் தூக்கத்தையும் கூலியையும் என்ன செய்தது என்பது வேறு கேள்வி.

1991இல் உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத்தரத்தையே அளக்க இறங்கியது. கேள்விகளை ஜெனீவாவில் எழுதி மொழிபெயர்க்கக் கொடுத்திருந்தால் காரியம் அன்றே கெட்டிருக்கும். அவர்கள் உலகெங்கும் 15 நகரங்களில் நோயாளிகளையும் நலமாக இருப்பவர்களையும் மருத்துவ ஊழியர்களையும் உட்காரவைத்து, நல்ல வாழ்க்கைக்கு எது முக்கியம் என்று கேட்டார்கள். கேள்விகளை அந்தந்த ஊர் மொழியிலேயே எழுதினார்கள். அந்த 15இல் ஒன்று நம் சென்னை. சுமார் 1,800 கேள்விகள் குவிந்தன. எதை வைப்பது, எதை விடுவது?

முதலில் 236 ஆயிற்று, பிறகு 100. கடைசியில் 26 கேள்விகளில் வந்து நின்றது. ஆய்வாளர்கள் கையில் இன்று சர்வசாதாரணமாகப் புழங்கும் வாழ்க்கைத்தர வினாத்தாள் இப்படித்தான் பிறந்தது. செய்ய வேண்டியதைச் செய்யவிடாமல் உடல்வலி எவ்வளவு தடுக்கிறது என்பது அதில் மூன்றாம் கேள்வி. கைக்காசு, தூக்கம், வேலை செய்யும் திறன், குடியிருக்கும் இடம், வைத்திய வசதி, போக்குவரத்து எல்லாம் அதன்பின் வரிசையாக வருகின்றன.

ஊவா மலைத் தோட்டங்களுக்கென்றே எழுதியது போல இருக்கிறது அந்த வரிசை. இடுப்பு கடுத்துக் கை மந்தமானால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான். லயத்து அறையின் ஈரத்தில் படுத்தெழுந்து மறுநாளும் மலையேற வேண்டும். வலிக்கு மாத்திரை கொடுக்கும் தோட்டத்து டிஸ்பென்சரிகள் இந்த 26 கேள்விகளையும் கேட்க வேண்டும். எழுத்தறியாதவர்களுக்கு வாசித்துக் காட்டிப் பதில் குறித்துக்கொள்ள அதன் விதிகளிலேயே இடமிருக்கிறது.