படமும் ஒலியும் சாட்சியான கதை

வேதியியல் அறிஞருக்குச் சோதனைக் குழாய் உண்டு. வானியல் அறிஞருக்குத் தொலைநோக்கி உண்டு. மனிதர்களின் உறவுமுறைகளையும் சடங்குகளையும் ஆராய்பவருக்கு எது கருவி? நெடுங்காலம் குறிப்பேடும் பேனாவுமே அவருடைய கருவிகளாக இருந்தன. இன்று ஒளிப்படம், சலனப்படம், ஒலிப்பதிவு, கணிப்பொறி ஆகிய எல்லாமே சமூக ஆய்வாளருக்கு உதவுகின்றன. இந்த மாறுதல் எப்படித் தொடங்கியது என்பதை அறிய, நாம் ஆஸ்திரேலியாவின் வடகோடிக்குச் செல்ல வேண்டும்.

ஏழு பேர் சென்ற பயணம்

ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையே இருப்பது டாரஸ் நீரிணை. கடல்வாழ் உயிர்களை ஆராய 1888இல் அங்கு சென்ற விலங்கியல் அறிஞர் ஆல்பிரட் ஹாடன், தீவு மக்களின் வாழ்க்கையில் மனத்தைப் பறிகொடுத்தார். பத்தாண்டுகள் கழித்து, 1898இல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சார்பில் ஏழு பேர் கொண்ட ஆய்வுக் குழுவுடன் அவர் மீண்டும் அங்கு சென்றார். குழுவில் மருத்துவர்களும் உளவியல் அறிஞர்களும் மொழி ஆய்வாளர் ஒருவரும் இருந்தனர். ஒளிப்படம் எடுப்பதற்கென்றே ஆந்தணி வில்கின் என்ற இளைஞர் உடன் சென்றார்.

அவர்கள் கொண்டு சென்ற கருவிகளைப் பாருங்கள். நிழற்படக் கருவிகள், மெழுகு உருளையில் ஒலியைப் பதிக்கும் போனோகிராப், இவற்றோடு ஒரு சலனப்படக் கருவி! பாரிஸ் நகரில் லூமியர் சகோதரர்கள் பொதுமக்களுக்குப் படம் காட்டியது 1895 டிசம்பரில். மூன்றே ஆண்டுகளில் அந்தப் புதுமை சமூக ஆய்வின் கைக்கு வந்துவிட்டது.

மெர் தீவில் 1898 செப்டம்பரில் ஹாடன் படம் பிடித்தார். இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ நான்கு நிமிடப் படமே. ஆடவர் நடனமாடுவதையும், கட்டையைக் கடைந்து தீ உண்டாக்குவதையும் அதில் காணலாம். கள ஆய்வில் எடுக்கப்பட்ட மிகப் பழைய சலனப்படங்களுள் அது ஒன்று.

படம் பொய் சொல்லுமா?

அந்தப் படத்தில் வரும் நடனம் மாலோ-போமாய் என்னும் சடங்கைச் சேர்ந்தது. ஆனால் தீவினர் அதற்கு முன்பே கிறிஸ்தவத்தைத் தழுவியிருந்தனர். சடங்கு வழக்கொழிந்திருந்தது, பழைய முகமூடிகளும் இல்லை. ஹாடன் கேட்டுக்கொண்டதால், அவர்கள் அட்டையால் முகமூடி செய்து, நினைவிலிருந்து ஆடிக் காட்டினார்கள்.

அப்படியானால் படம் பொய்யா? இல்லை. கருவி தன்முன் நடந்ததைத்தான் பதிந்தது. ஆனால் அது 1898இன் அன்றாட வாழ்க்கையன்று. முதியோர் நினைவில் காத்துவந்த ஒன்று. இந்த வேறுபாட்டைப் படத்தைப் பார்த்து மட்டும் நாம் அறிய முடியாது. குறிப்புகள் இருப்பதால்தான் அறிகிறோம். படக்கருவி வந்தபின் குறிப்பேட்டின் தேவை குறையவில்லை, கூடியது.

உறவுகளின் வரைபடம்

குழுவில் இருந்த ரிவர்ஸ் என்னும் மருத்துவர் தீவினரின் பார்வைத் திறனைச் சோதிக்கச் சென்றவர். நெருங்கிய உறவினருக்கு ஒரே வகையான திறன் இருக்கிறதா என்று அறிய, குடும்ப மரங்களை வரையத் தொடங்கினார். இதில் ஒரு சிக்கல் எழுந்தது. நம்மிடையே பெரியப்பாவையும் 'அப்பா' என்றே அழைக்கும் வீடுகள் உண்டல்லவா? அங்கும் ஒரே உறவுச் சொல் பலரைக் குறித்தது. எனவே தந்தை, தாய், குழந்தை, கணவன், மனைவி என்ற ஐந்து சொற்களை மட்டும், நேர்ப்பொருளில், கேள்விக்குப் பயன்படுத்தினார். சில தலைமுறைகளின் உறவுகள் தாளில் தெளிவாக விரிந்தன. இதே முறையை அவர் 1901-02இல் நீலகிரித் தோடர்களிடையே கையாண்டு, 1906இல் அவர்களைப் பற்றி நூல் வெளியிட்டார்.

நீதிமன்றத்தில்

குழுவின் அறிக்கை 1901 முதல் 1935 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அவை நூலக அலமாரியிலேயே உறங்கியிருக்கலாம். ஆனால் 1982இல் மெர் தீவைச் சேர்ந்த எட்டி மாபோவும் வேறு நால்வரும், தம் முன்னோர் நிலத்தின் உரிமை தமக்கே என்று வழக்குத் தொடுத்தனர். ஆங்கிலேயர் வரும் முன் ஆஸ்திரேலியா யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்பது அதுவரை சட்டத்தின் கொள்கை. தீவினரின் வாய்மொழிச் சாட்சியத்தோடு, ஹாடன் குழுவின் அறிக்கைகளும் வழக்கில் ஆராயப்பட்டன. 1992 ஜூன் 3ஆம் நாள் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அந்தக் கொள்கையைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பைக் கேட்க மாபோ உயிரோடு இல்லை. அதே ஆண்டு ஜனவரியில் அவர் மறைந்துவிட்டார்.

கணிப்பொறி செய்வது என்ன?

மெழுகு உருளையை ஒவ்வொரு முறை ஒலிக்கச் செய்யும்போதும் அது சிறிது தேயும். அதில் உள்ள ஒலியை எண்களாக மாற்றிவிட்டால் தேய்வு இல்லை. எத்தனை படிகளும் எடுக்கலாம். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள அந்த உருளைகள் இப்படி மாற்றப்பட்டுள்ளன. இதனால், முன்பு ஆய்வாளர் எடுத்துச் சென்ற பாட்டு, பாடியவரின் கொள்ளுப்பேரர் காதுக்குத் திரும்பிச் செல்ல வழி பிறந்திருக்கிறது. அதை யார் கேட்கலாம், யார் வெளியிடலாம் என்பதில் அவர்களுக்கும் உரிமை உண்டு என்ற எண்ணமும் வலுத்திருக்கிறது.

மாணவர்களே, இன்று உங்கள் கைப்பேசியிலேயே ஹாடனின் கருவிகள் அனைத்தும் அடங்கிவிட்டன. உங்கள் ஊர்த் திருவிழாவையோ ஒரு முதியவரின் பாட்டையோ பதிவு செய்யும்போது, நாள், இடம், அவர் இசைவு, யார் கேட்டதால் அது நிகழ்ந்தது என்பவற்றையும் எழுதி வையுங்கள். நூறு ஆண்டுகள் கழித்து அது யாருக்குச் சாட்சியாகும் என்பதை இன்று நாம் அறிய முடியாது.