நாற்பது பச்சைப் பட்டைகள்

இந்த நேரலையில் பெரும்பாலும் நாவல்களையும் நாவலாசிரியர்களையும் பற்றித்தான் பேசுகிறோம். இன்று நான் ஒரு கணினி விளையாட்டைப் பற்றி, அதிலும் ஆடுபவர்களே எழுதி அந்த விளையாட்டின் மேல் ஒட்டிக்கொண்ட சிறு நிரல்களைப் பற்றிப் பேசப்போகிறேன். அவற்றை ஆட்-ஆன் என்கிறார்கள். நாம் துணைநிரல் என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் நம்மில் பலருக்கு, இரவு பத்து மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனில் யாரிடமோ கத்தும் ஒரு பையனைத் தெரியும். அந்தக் கத்தலுக்கு இருபது வருட வரலாறு இருக்கிறது. அதில் என் தொழிலும் வருகிறது, நான் வசிக்கும் எல்லர்ஸ்லியும் வருகிறது.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004 நவம்பர் 23 அன்று வந்தது. பிளிஸார்ட் என்ற அமெரிக்க நிறுவனம் அதை வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இங்கே நியூசிலாந்திலும் ஒரே நாளில் வெளியிட்டது. அதில் ரெய்டு என்று ஒரு பகுதி. ரெய்டு என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு வருமான வரித்துறை ஞாபகம் வரும், இது வேறு. நாற்பது பேர், அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடி, ஒரே நேரத்தில் ஒரு குகைக்குள் இறங்கி ஒரு பெரிய எதிரியைச் சாய்க்கவேண்டும். நாற்பது பேரையும் ஐந்தைந்து பேராக எட்டுக் குழுக்களாகப் பிரிப்பார்கள். (மோசேக்கு அவர் மாமனார் எத்திரோ சொன்ன யோசனையும் கிட்டத்தட்ட இதுதான். யாத்திராகமம் படித்தவர்களுக்குத் தெரியும்.) அடி வாங்குவதற்கென்றே சிலர், அவர்கள் டேங்க். பலர் அடிப்பார்கள். மிச்சமிருப்பவர்கள் ஹீலர்கள், அடிபட்டவர்களைப் பிழைக்கவைப்பவர்கள்.

ஹீலர்களின் கஷ்டத்திலிருந்துதான் இந்த வரலாற்றைத் தொடங்கவேண்டும் என்பது என் கட்சி. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு பச்சைப் பட்டை உண்டு. அடிபட அடிபட அது சுருங்கும். தீர்ந்தால் ஆள் காலி. நாற்பது பட்டைகளையும் ஒரே பார்வையில் பார்க்க, விளையாட்டோடு வந்த திரை போதவில்லை. அப்போது வந்ததுதான் சிடி ரெய்டு அசிஸ்ட். அதை ரெய்டில் இருக்கும் எல்லாருமே தங்கள் கணினியில் நிறுவிக்கொள்ளவேண்டும். ஒவ்வொரு பிரதியும் ஒரு மறைவான அரட்டை வழியாக மற்றப் பிரதிகளோடு பேசிக்கொள்ளும். தலைவர் ஒரு கட்டளை கொடுத்தால் நாற்பது திரைகளிலும் “தயாரா?” என்ற கேள்வி எழும். சீக்கிரமே பல கில்டுகளில் (கில்டு என்பது சேர்ந்து ஆடுபவர்களின் சங்கம்) அது இல்லாதவருக்கு ரெய்டில் இடமில்லை என்றாகிவிட்டது. “தயாரா?” என்ற அந்தக் கேள்வியைப் பின்னால் பிளிஸார்டே தன் விளையாட்டுக்குள் சேர்த்துக்கொண்டது. பட்டைகளைக் கட்டம் கட்டமாக அடுக்குவதையும் கேட்டக்ளிசம் காலத்தில், அதாவது 2010 இறுதிக்குப் பிறகு, அப்படியே எடுத்துக்கொண்டது.

இவையெல்லாம் எழுதப்பட்ட மொழியின் பெயர் லுவா. போர்ச்சுகீசிய மொழியில் நிலா என்று பொருள். 1993ல் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில், கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்த மொழி. பிளிஸார்ட் தன் திரையையே லுவாவில் எழுதி, அதை ஆடுபவர்கள் மாற்றிக்கொள்ளவும் விட்டது. பக்கத்துவீட்டுப் பிள்ளைகள் உள்ளே வந்து வீட்டையே மாற்றி அடுக்குவார்கள் என்று அப்போது நினைத்திருக்கமாட்டார்கள்.

எல்லர்ஸ்லிக்கு வருகிறேன். ஆக்லாந்துக்காரர்களுக்கு எங்கள் பகுதி என்றால் குதிரைப் பந்தய மைதானம். 1913ல் அங்கே ஒரு இயந்திரத்தை நிறுவினார்கள். உலகின் முதல் தானியங்கி டோட்டலைசேட்டர், ஜார்ஜ் ஜூலியஸ் என்ற பொறியாளர் வடிவமைத்தது. பல ஜன்னல்களில் பலர் ஒரே நேரத்தில் பந்தயச் சீட்டு வாங்குவார்கள். விற்கும்போதே எந்தக் குதிரையின் மேல் எத்தனை சீட்டு என்று கூட்டி, கூட்டம் முழுதும் பார்க்கும்படி அது பலகையில் காட்டும். கம்பிகள், சங்கிலிகள், எடைகள் இவற்றால் மட்டுமே ஓடியது. ஜூலியஸ் முதலில் யோசித்தது வாக்கு எண்ணும் இயந்திரம். அரசாங்கம் வேண்டாம் என்றதால் அது குதிரைகளிடம் போய்ச் சேர்ந்தது. அவருடைய அப்பா கிறைஸ்ட்சர்ச்சின் ஆங்கிலிக்கன் ஆயர், பின்னாளில் பேராயர். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் இருவரும் என்ன பேசிக்கொண்டார்களோ. சூதாட்டத்துக்கு நான் பரிந்து பேசவில்லை. எனக்கு அந்தப் பலகைதான் முக்கியம். பல கைகள் தனித்தனியாக வேலை செய்யும்போது மொத்தத்தில் என்ன நடக்கிறது என்பதை எல்லாருக்கும் அந்த நொடியே காட்டும் பலகை. சிடி ரெய்டு அசிஸ்ட் செய்தது அதையேதான்.

என் மகன் ஹீலராக ஆடுகிறான். ஒருநாள் டீ கொண்டுபோனபோது அவன் திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் ஐசியூவின் சென்ட்ரல் மானிட்டர்தான் அது. யார் சரிகிறார், யார் உடம்பில் விஷம், யாருக்கு ஏற்கெனவே மருந்து போய்க்கொண்டிருக்கிறது, எல்லாம் கட்டம் கட்டமாக. தமிழ்நாட்டில் நான் நர்ஸிங் டிப்ளமோ படித்த காலத்தில் டிபிஆர் சார்ட்டில் காய்ச்சல், நாடி, சுவாசம் மூன்றுக்கும் புள்ளி வைத்துக் கோடு இழுப்போம். அந்தக் கோட்டைப் பார்த்து “இவர் இன்றைக்கு ராத்திரி சரியில்லை” என்று சொல்ல ஒரு மூத்த சிஸ்டரின் கண் வேண்டும். அந்தக் கண்ணை எண்ணாக மாற்றும் முயற்சி 1997ல் இங்கிலாந்தில் வெளியானது. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு மதிப்பெண், கூட்டுத்தொகை ஏறினால் டாக்டரைக் கூப்பிடு. நியூசிலாந்தில் 2017 முதல் நாடு முழுவதற்கும் ஒரே வகைச் சார்ட் வரத்தொடங்கியது. ஆனால் அந்த மதிப்பெண் யாருக்கும் மருந்து போடாது. யாரைக் கூப்பிடவேண்டும் என்பதோடு அதன் வேலை முடிந்தது.

விளையாட்டில் அந்த எல்லையைத் தாண்டிய ஒன்று இருந்தது. டிகர்சிவ் என்று பெயர். ரெய்டில் எதிரி சாபம், நோய், நஞ்சு என்று விதவிதமாக ஏவுவான். நாற்பது பேரில் யார் மேல் எது என்று ஹீலர் கண்டுபிடித்து, அதற்குரிய மந்திரத்தைத் தேர்ந்து, போடவேண்டும். டிகர்சிவ் வந்தபிறகு ஒரே விசைதான். அழுத்தினால் அதுவே ஆளைத் தேடும், அதுவே மந்திரத்தைத் தேர்ந்து போடும். மறுபடி அழுத்தினால் அடுத்த ஆள். ஹீலர் டிவி பார்த்துக்கொண்டே பத்துப் பேரைக் குணப்படுத்தலாம்.

2006 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவில் வந்த 2.0 பதிப்பில் பிளிஸார்ட் இதை நிறுத்தியது. சண்டைக்கு நடுவே யாரைத் தேர்வது, எந்த மந்திரத்தைப் போடுவது என்று நிரல் முடிவெடுக்கக்கூடாது. காட்டுவதற்குத் தடையில்லை, தேர்வு மட்டும் ஆளுடையது. டிகர்சிவ் அழிந்துபோகவில்லை. சின்னச் சதுரங்களாக உருமாறியது. யாருக்காவது நோய் வந்தால் அவருடைய சதுரம் நிறம் மாறும், சொடுக்குவது நம் வேலை. இந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். நோயாளியின் கைப்பட்டையை ஸ்கேன் செய்யும் கருவி வந்த பிறகும் நாங்கள் பெயரையும் பிறந்த தேதியையும் வாய்விட்டுக் கேட்கிறோம். கேட்கும்போதுதான் அவர் முகத்தைப் பார்க்கிறோம்.

இங்கே ஆக்லாந்தில் ஆடியவர்களுக்கு இன்னொரு தொல்லை இருந்தது. ஓசியானிக் என்று பெயர் வைத்த சர்வர்கள் அமெரிக்காவில் இருந்தன. ஆக்லாந்திலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் சுமார் பத்தாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி போய்த் திரும்பவே ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும், நடைமுறையில் அதைவிட அதிகம். நீங்கள் பார்க்கும் பட்டை சற்றுமுன் இருந்த பட்டை. குவார்ட்ஸ் என்ற துணைநிரல் மந்திரப் பட்டையின் கடைசியில் ஒரு துண்டுக்குத் தனி நிறம் பூசி, இந்தத் தாமதத்தைக் கண்ணுக்குக் காட்டியது. அந்தத் துண்டுக்குள் வந்ததும் அடுத்த மந்திரத்தைத் தொடங்கிவிடலாம். 2014ல் சர்வர்கள் சிட்னிக்கு வந்தன. அதுவரை அந்த நிறத்துண்டை நம்பியே ஆடியிருக்கிறார்கள்.

அடியை எண்ணும் துணைநிரல்களைப் பற்றி எனக்கு அத்தனை நல்ல அபிப்பிராயம் இல்லை. ரீகவுன்ட், டீடெய்ல்ஸ் போன்றவை யார் எத்தனை அடித்தார், யார் எத்தனை குணப்படுத்தினார் என்று வரிசைப்படுத்தும். எது தவறியது என்று பார்க்க அவை உதவும். ஆனால் நோய் வரும்முன் தடுத்தவர் அந்தப் பட்டியலில் கீழே நிற்பார். வார்டில் ஒன்றுமே நடக்காத இரவுக்காக யாரும் பாராட்டுக் கடிதம் எழுதியதில்லை.

எச்சரிக்கை கொடுக்கும் துணைநிரல்கள்தான் ரெய்டின் தலையெழுத்தையே மாற்றின. டெட்லி பாஸ் மாட்ஸ், பிக்விக்ஸ் இரண்டும் எதிரி அடுத்து என்ன செய்வான், இன்னும் எத்தனை நொடி என்று எண்ணிக் காட்டும், ஓசையும் எழுப்பும். வீக் ஆராஸ் வந்தபின் யார் வேண்டுமானாலும் தன் எச்சரிக்கையைத் தானே செய்துகொள்ளலாம், ஒரு வரி எழுத்தாக நண்பருக்கு அனுப்பலாம். திரை முழுக்க மணியோசை. மருத்துவமனைகளில் இதற்கு அலாரம் சோர்வு என்று பெயர். எல்லாமே கத்தினால் எதுவும் காதில் ஏறாது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் தேவையற்ற ஓசையைப் பற்றித் தன் நர்ஸிங் நூலில் ஓர் அத்தியாயமே எழுதியது மானிட்டர்கள் இல்லாத காலத்தில்.

துணைநிரல் இருக்கும் என்று நம்பி நிறுவனம் சண்டைகளைக் கடினமாக்கியது, சண்டை கடினமானதால் துணைநிரல் கட்டாயமானது. 2010ல் ஏவிஆர் என்ற ஒன்று நிற்கவேண்டிய இடத்தைத் தரையிலேயே வரைந்து காட்டியது, அதை முடக்கினார்கள். 2016ல் ரெய்டுக்குள் யார் எங்கே நிற்கிறார் என்று நிரல்கள் அறியமுடியாமல் செய்தார்கள். 2025ல் மிட்நைட் என்ற புதிய தொகுப்புக்காக அறிவித்ததுதான் எல்லாவற்றிலும் பெரியது. சண்டைத் தகவல்கள் இனி மூடிய உறையில் வரும். துணைநிரல் உறையின் நிறத்தையும் இடத்தையும் மாற்றலாம், உள்ளே இருப்பதைப் படித்து அதைக்கொண்டு எதையும் கணக்கிடமுடியாது. எச்சரிக்கை, அடிக்கணக்கு எல்லாவற்றையும் நிறுவனமே தரும். இதை அறிவித்த இயக்குநர் அயன் ஹாஸிகோஸ்டாஸ் முன்னாள் வழக்கறிஞர். கணக்குப் போட்டு ஆடுவதில் பேர்பெற்ற எலிட்டிஸ்ட் ஜெர்க்ஸ் கில்டை நடத்தியவரும் அவரே. திறந்த கதவால் உள்ளே வந்தவர்தான் கதவைச் சாத்துகிறார். வீக் ஆராஸ் குழு மிட்நைட்டுக்குப் பதிப்பு செய்யப்போவதில்லை என்று அறிவித்துவிட்டது.

2006ல் நிரலின் கையைக் கட்டினார்கள். அது சரி என்றே நினைக்கிறேன். இப்போது நிரலின் கண்ணையும் கட்டுகிறார்கள். இதில்தான் எனக்குத் தயக்கம். ஆடுபவர்களில் எல்லாரும் என் மகனைப்போல இரண்டு கண்ணும் பத்து விரலும் சரியாக வேலை செய்பவர்கள் இல்லை. இதே விளையாட்டின் கிளாசிக் பதிப்புகளுக்கு ஸ்கூ என்றொரு துணைநிரல் இருக்கிறது. பார்வையில்லாதவர்களுக்காகச் செய்தது. பட்டியல்களை வாய்விட்டு வாசிக்கும், வழியை ஒலியால் காட்டும். அதைக் காதில் மாட்டிக்கொண்டு, பார்வையில்லாத ஒருவர் முன்பின் பார்த்திராத நகரத்தின் தெருவில் தானாக நடந்துபோகிறார்.