டி.என்.ஏ. ஆய்வில் வட்ட இருநிறத்தன்மை

வட்ட இருநிறத்தன்மை என்பது, இடஞ்சுழியாகவும் வலஞ்சுழியாகவும் முனைவுற்ற இருவகை ஒளியை ஒரு பொருள் சமமற்ற அளவில் உறிஞ்சும் பண்பாகும். இவ்வேறுபாட்டைப் புற ஊதா அலைநீளங்கள்தோறும் அளந்து வரையும் நிறமாலை முறையால், டி.என்.ஏ.யைப் படிகமாக்காமல் கரைசல் நிலையிலேயே வைத்து அதன் வடிவத்தை விரைவில் அறிய இயலும். குவானின், சைட்டோசின் முதலிய நைட்ரஜன் காரங்கள் தட்டையானவை. தனித்து நிற்கையில் இப்பண்பு அவற்றுக்கு இல்லை. சமச்சீரற்ற சர்க்கரையோடு பிணைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி அடுக்கப்படும்போது, அடுத்தடுத்த காரங்களின் எலக்ட்ரான் கிளர்ச்சிகள் ஒன்றையொன்று பாதிப்பதாலேயே தெளிவான குறிகை தோன்றுகிறது. அப்போதும் அது மொத்த உறிஞ்சலில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருப்பதால், இம்முறையின் வளர்ச்சி கருவிகளின் வளர்ச்சியை எதிர்நோக்கியே இருந்தது.

பிரெஞ்சு இயற்பியலாளர் எமே கோட்டன், 1895இல் செம்பு, குரோமியம் ஆகியவற்றின் டார்ட்ரேட் கரைசல்களில் இப்பண்பைக் கண்டறிந்தார். 1960ஆம் ஆண்டளவில் குரோழானும் லெக்ராந்தும் அமைத்த பதிவுக்கருவி இதை நடைமுறை அளவீடாக்கிற்று. 1964இல் பிராம்ஸ், மொம்மார்ட்ஸ் இருவரும் நியூக்ளிக் அமிலங்களின் வடிவை இம்முறையால் ஆராய்ந்தனர். வழக்கமான பி-வடிவ டி.என்.ஏ. 275 நானோமீட்டரை ஒட்டி நேர்க்குறி முகட்டையும் 245ஐ ஒட்டி எதிர்க்குறிப் பள்ளத்தையும் காட்டும். நீர் குறைந்த சூழலில் தோன்றும் ஏ-வடிவமோ 260ஐ ஒட்டி வலுத்த முகட்டைத் தரும்.

காரங்களின் வரிசையும் இவ்வரைகோட்டில் தடம் பதிக்கிறது. அண்டைக் காரச் சோடிகளின் பங்களிப்புகளைக் கூட்டி நிறமாலையைக் கணிக்கும் வழியை 1970இல் கிரேயும் டினோகோவும் முன்வைத்தனர். ஆனால் கிடைப்பது மூலக்கூறு முழுவதன் சராசரியே. எழுத்தெழுத்தாக வரிசையைப் படிக்க இம்முறை உதவாது என்பதை இதன் பயனைக் கூறுமுன்பே வலியுறுத்த வேண்டும்.

இவ்வரலாற்றின் செழுமையான பகுதி 1972இல் தொடங்குகிறது. குவானினும் சைட்டோசினும் மாறிமாறி வரும் செயற்கை டி.என்.ஏ.யைச் செறிவான உப்புக்கரைசலில் இட்டபோது, நிறமாலை ஏறத்தாழத் தலைகீழாவதை ஜோவின், போல் என்னும் இரு ஆய்வாளர்கள் கண்டனர். வழக்கமாக வலஞ்சுழியான டி.என்.ஏ. இரட்டைச்சுருள் இடப்புறம் திரும்பியதோ என்னும் ஐயம் எழுந்தது. இதற்கு விடை தேட உதவிய அணுகுமுறை முன்பே உருவாகியிருந்தது: சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர், அணுக்கள் ஒன்றையொன்று நெருங்கக்கூடிய எல்லையைக் கொண்டு புரதச் சங்கிலியின் இயலும் திருப்பங்களை 1963இல் வரையறுத்திருந்தனர். அதே அணுகுமுறையை டி.என்.ஏ.க்குக் கொண்டுசென்ற சசிசேகரன், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலிருந்து, 1976இல் பட்டாபிராமனுடன் இணைந்து, இடஞ்சுழி இரட்டைச்சுருளும் இயலக்கூடியதே என எழுதினார். வாட்சன்–கிரிக் வலஞ்சுழி மாதிரி ஏறத்தாழ ஐயத்துக்கு அப்பாற்பட்டதாகக் கருதப்பட்ட காலத்தில் இது துணிவுமிக்க கூற்று.

1979இல் அலெக்சாண்டர் ரிச் குழுவினரின் படிக ஆய்வு, இசட்-டி.என்.ஏ. எனப்படும் இடஞ்சுழி வடிவத்தைக் காட்டிற்று. அதன் வளைந்து நெளியும் முதுகெலும்பு சசிசேகரன் மாதிரியிலிருந்து வேறானது எனினும், இடஞ்சுழிக்கு இடமுண்டு என்னும் அடிப்படைக் கருத்து அதனால் உறுதிப்பட்டது. படிகத்தில் கண்டதும் உப்புக்கரைசலில் கண்டதும் ஒரே வடிவமே என்பதை 1981இல் நிறுவியது ராமன் நிறமாலை. ராமச்சந்திரனின் ஆசிரியர் சி.வி. ராமன் 1928இல் கண்டறிந்த ஒளிச்சிதறலே அதன் அடிப்படை. நிறமாலை தலைகீழாவது மட்டுமே இடஞ்சுழிக்குச் சான்றாகாது என்பதால், இத்தகைய துணைச்சான்று இன்றியமையாதது.

பின்னாளில் இம்முறை, குவானின் மிகுந்த இழைகள், குவானின்கள் நான்கு நான்காகக் கூடும்படி மடியும் நான்கிழை வடிவங்களை இனங்காணப் பெரிதும் பயன்பட்டது. இழைகள் ஒரே திசையில் ஓடினால் 264 நானோமீட்டரை ஒட்டியும், எதிரெதிர் ஓடினால் 295ஐ ஒட்டியும் முகடு தோன்றும். சென்னையில் பிறந்து கேம்பிரிட்ஜில் பணியாற்றும் சங்கர் பாலசுப்ரமணியன் குழுவினர் 2013இல் இவ்வடிவங்களை மனித உயிரணுக்களில் எதிர்ப்பொருளின் துணையால் காட்டினர்.