காற்றும் கூரையும்: பூப்பந்து முதல் பிக்கிள்பால் வரை

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மழை குறைந்த வானம் பார்த்த பூமி. கோடையில் கண்மாய்கள் வறண்டு வெடித்துக் கிடக்கும். ஆடி பிறந்தால் காற்று புழுதியை வாரி இறைக்கும். வலை கட்டி, மட்டை பிடித்து ஆடும் எந்த ஆட்டமும் இங்கே முதலில் காற்றைச் சமாளித்தாக வேண்டும்.

அதைத் தொடக்கத்திலேயே சமாளித்த ஆட்டம் பூப்பந்து. அது தஞ்சாவூரில் பிறந்தது. அரச குடும்பத்தார் 1856 வாக்கிலேயே அதை ஆடியதாகக் கூறப்படுகிறது. கம்பளி நூலைச் சுற்றிச் செய்த மஞ்சள் பந்தின் எடை 27 முதல் 30 கிராம். சுமார் 5 கிராம் எடையுள்ள இறகுப்பந்தைவிட ஐந்தாறு மடங்கு கனம். ஆகவே காற்று அதை எளிதில் திசை திருப்புவதில்லை. 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலத்தில் சமமான மண்தரை, சுண்ணாம்புக் கோடு, இரண்டு கம்பங்கள், ஒரு வலை இருந்தால் பக்கத்துக்கு ஐந்து பேராக ஆடலாம். இந்த எளிமையே பூப்பந்தைக் கிராமத்துப் பள்ளி மைதானம்வரை கொண்டுசேர்த்தது. 1954-ல் இந்தியப் பூப்பந்துக் கூட்டமைப்பு உருவானது. முதல் தேசியப் போட்டி 1956-ல் ஹைதராபாத்தில் நடந்தது.

இறகுப்பந்தின் வழி வேறு. 1870-களில் புனேயில் இருந்த ஆங்கிலேயர்கள் அதற்கு விதிகள் வகுத்தார்கள். லேசான காற்றுக்கே இறகு விலகிவிடுவதால் அந்த ஆட்டம் கூரையின் கீழ் போனது. கூரைக்குச் செலவு அதிகம். அதனால் உள்ளரங்குகள் பெருநகரங்களில்தான் பெருகின. சென்னை நேரு உள்விளையாட்டரங்கம் 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக எழுந்தது. ஊர்ப்புறத்தில் காற்று அடங்கிய அதிகாலையிலும், இரவில் குழல்விளக்கு வெளிச்சத்திலும் இறகுப்பந்து ஆடினார்கள்.

பிக்கிள்பால் இந்த இறகுப்பந்துக் களத்திலேயே பிறந்தது. 1965-ல் அமெரிக்காவில் சியாட்டில் அருகே பெயின்பிரிட்ஜ் தீவில், ஜோயல் பிரிச்சர்ட் என்பவரின் வீட்டுப் பழைய இறகுப்பந்துக் களத்தில் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தைக் கொண்டு ஆடத் தொடங்கினார்கள். அதனால்தான் இன்றும் பிக்கிள்பால் களம் இரட்டையர் இறகுப்பந்துக் களத்தின் அளவிலேயே, 44 அடிக்கு 20 அடியாக இருக்கிறது. வலை மட்டும் தாழ்வு: நடுவில் 34 அங்குலம், ஓரங்களில் 36 அங்குலம். இந்தியாவில் 2008-ல் இதற்கென அகில இந்திய அளவில் சங்கம் அமைந்தது.

பெருநகரத்தில் பிக்கிள்பால் உள்ளரங்கைத் தேடுபவர் முதலில் இறகுப்பந்துக் கூடங்களைப் பார்ப்பது இந்த வரலாற்றினால்தான். வலைக்கு இருபுறமும் ஏழடியில் கோடு வரைந்து, வலையைத் தாழ்த்தினால் களம் தயார். ஆனால் தரையைக் கவனிக்க வேண்டும். இறகுப்பந்து தரையில் பட்டு எழ வேண்டியதில்லை. பிக்கிள்பாலில் பந்து எழும்பியாக வேண்டும். மெத்தென்ற விரிப்பைவிட உறுதியான தளமே அதற்கு ஏற்றது. பந்திலும் இரண்டு வகை உண்டு. உள்ளரங்கப் பந்தில் பெரிய துளைகள், பொதுவாக 26. வெளிக்களப் பந்தில் சிறிய துளைகள், பொதுவாக 40. வெளிக்களப் பந்து கடினமானது. காற்றை ஓரளவு தாங்கும்.

அருப்புக்கோட்டையிலிருந்து அருகிலுள்ள பெருநகரமான மதுரை சுமார் 50 கிலோமீட்டர். தினமும் ஆட அது தொலைவு. இந்த வறண்ட சீமைக்குத் தேவை, பல ஆட்டங்களுக்கும் பொதுவான ஒரு கூடம். பூப்பந்துக் களம் அடங்கும்படி அதைக் கட்டினால், அதே கூரையின் கீழ் இறகுப்பந்தும் பிக்கிள்பாலும் ஆடலாம். வெயிலும் காற்றும் இந்தப் பகுதிப் பிள்ளைகளின் ஆட்ட நேரத்தைக் குறைக்காமலிருக்க அதுவே வழி.