பத்து வெள்ளியில் ஒரு தோட்டம்

‘தோட்டத்து ஆளுங்களுக்குக் காசு சேர்க்கத் தெரியாது. சம்பளம் வந்தா கள்ளுக்கடை, மிச்சமிருந்தா திருவிழா.’ தோட்டத்தை விட்டு வெளியேறி இரண்டு தலைமுறை ஆன பிறகும் இந்தப் பேச்சு நம் கல்யாண வீடுகளில் ஓய்ந்தபாடில்லை. சொல்பவர்களில் பலர் லயத்தில் பிறந்தவர்கள்தான். ஆனால் இந்நாட்டுத் தமிழர்களின் கூட்டுறவு வரலாறு வேறொரு கதையைச் சொல்கிறது.

மலாயாவில் கூட்டுறவுச் சங்கச் சட்டம் 1922-இல் வந்தது. அதன் பிறகு தோட்டங்களிலும் சிக்கன நாணயச் சங்கங்கள் தோன்றின. அதற்கு வெளியே, எந்தச் சட்டத்தையும் எதிர்பாராமல், பெண்கள் கூட்டுக் கட்டினார்கள். மாதம் ஒருவர் மொத்தப் பணத்தையும் எடுத்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு எவ்வளவு பரவியிருந்தது என்றால், 1971-இல் அதைத் தடைசெய்து வந்த சட்டத்தின் பெயரிலேயே ‘கூட்டு’ என்ற தமிழ்ச் சொல் இருக்கிறது. ஆக, சேமிக்கும் பழக்கம் இல்லாமல் இல்லை. எதற்காகச் சேமிப்பது என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியது.

போருக்கு முன் வந்தவர்களில் பலருக்கு அந்த ‘எதற்காக’ தெளிவாக இருந்தது. ஊருக்குத் திரும்ப வேண்டும், கடனை அடைக்க வேண்டும், கொஞ்சம் நிலம் வாங்க வேண்டும். சப்பானியர் காலமும் அதன் பின் வந்த சுதந்திரமும் அதை மாற்றிப்போட்டன. பிள்ளைகள் இங்கேயே பிறந்தார்கள், ஊர் மெல்ல ஒரு கடித முகவரியாகச் சுருங்கியது. சேர்க்கும் காசு எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது குழம்பிப்போனது.

அந்த நேரத்தில்தான் தோட்டத் துண்டாடல் வந்தது. நாட்டின் எதிர்காலம் குறித்துத் தயங்கிய ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி மறுபடி விற்றார்கள். சிறு துண்டு வாங்கியவருக்கு லயம் தேவையில்லை, பள்ளிக்கூடம் தேவையில்லை, கோயிலும் தேவையில்லை. வேலை போனால் வீடும் சேர்ந்தே போனது. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை உங்கு அசிஸ் ஆராய்ந்து அறிக்கையே எழுதினார்.

அப்போது அமைச்சராகவும் ம.இ.கா. தலைவராகவும் இருந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கணக்கு எளிமையானது. ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகப் பத்து மாதத்தில் கட்டலாம். சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய் இதை எடுத்துச் சொன்னார். விற்பனைக்கு வரும் தோட்டத்தை, துண்டாக்க விடாமல், அதில் பால்மரம் வெட்டுகிறவர்களே வாங்கிவிடுவது என்பதுதான் திட்டம்.

10 வெள்ளி அன்றைக்குச் சில நாள் கூலி. ஊழியர் சேமநிதிச் சட்டம் 1951-லேயே வந்துவிட்டது. ஆனால் அது சம்பளம் கைக்கு வரும் முன்பே கழிந்துவிடும், அதற்கு மனவுறுதி வேண்டியதில்லை. பங்குப் பணம் அப்படியல்ல, விரும்பிக் கட்டியது. மழை பெய்தால் வேலையில்லாத ஒரு தொழிலில், பத்து மாதம் விடாமல் எப்படிக் கட்டினார்கள்?

என் பாட்டியிடம் இதைக் கேட்டிருக்கிறேன். லட்சியம், தியாகம் என்று எதையும் அவர் சொல்லவில்லை. “அடுத்த வீட்டுக்காரி கட்டிட்டா. நாம கட்டலன்னா மானம் போயிரும்ல? மீனு வாங்குறத நிறுத்துனேன். ஒட்டுப்பால் காசையும் தொடல” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “வெளிய போன்னு சொன்னா எங்க போறது?” என்றார்.

இந்த இரண்டு பதில்களும் எனக்கு முக்கியமானவை. பயம் அவர்களைத் தொடங்க வைத்தது, பக்கத்து வீடு தொடர வைத்தது. மூன்றாவதாக ஒன்றும் இருந்தது: கண்ணால் பார்க்கக்கூடிய பலன். 1961-இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அதுதான் சங்கத்தின் முதல் தோட்டம். இனி கட்டப்போகிறவனிடம் காட்ட, வாக்குறுதிக்குப் பதிலாக ஒரு பெயர்ப்பலகை இருந்தது.

இதை வெற்றிக் கதையாக மட்டும் முடித்துவிட எனக்கு மனமில்லை. தோட்டம் தமதான பிறகும் விடியலில் பெரட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். 100 வெள்ளிப் பங்குக்கு ஆண்டுக்குப் பத்து விழுக்காடு ஈவு என்று வைத்துக்கொண்டாலும் 10 வெள்ளிதான். அதை வைத்து யாரும் கத்தியைக் கீழே வைத்திருக்க முடியாது. நிலத்துக்குக் காசு சேர்த்த அதே தலைமுறையில்தான், குடியுரிமை இல்லாத பல்லாயிரம் பேர் 1969-இல் வேலை பெர்மிட் நெருக்கடி வந்தபோது இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். சேமிப்பு நிலத்தை வாங்கித் தந்தது, நாட்டில் இடத்தை வாங்கித் தரவில்லை.

இன்று ‘பொருளாதாரச் சுதந்திரம்’ என்றால், நாற்பது வயதில் வேலையை விட்டுவிடுவது என்று நம் கைப்பேசிகள் சொல்கின்றன. அதற்காகச் செலவுக் கணக்கு எழுதத் தொடங்கும் நண்பர்கள் பலர் மூன்றாம் மாதமே சோர்ந்துபோவதைப் பார்க்கிறேன். அவர்களுக்கு ஒழுக்கம் போதவில்லை என்று நான் நினைக்கவில்லை. இலக்கு வெகுதூரத்தில் இருக்கிறது, தனியாகவும் இருக்கிறது. லயத்துக்காரர்கள் கேட்ட சுதந்திரம் இதைவிடச் சிறியது: யாரும் நம்மை ‘வெளிய போ’ என்று சொல்ல முடியாமல் இருப்பது. அது பத்து மாதத் தூரத்தில் இருந்தது. பக்கத்தில் அதையே கட்டிக்கொண்டிருக்கும் இன்னொருவர் இருந்தார்.

சங்கத்தின் கட்டடம் கோலாலம்பூரில் விஸ்மா துன் சம்பந்தன் என்ற பெயரில் நிற்கிறது. அதைவிட உங்கள் வீட்டுத் தகரப்பெட்டி முக்கியமானது. பழைய பங்குச் சீட்டு ஏதாவது அதில் இருந்தால், அதன் இன்றைய மதிப்பு என்ன என்று கேட்பதற்கு முன், அந்தப் பத்து மாதமும் வீட்டில் எதை நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர்தான் மிச்சம்.