கண்ணு அரிக்குதா, எரியுதா? ஒரு 200 வருஷக் கதை

1/ "டாக்டர், பையனுக்குக் கண்ணு செவந்து அரிச்சிட்டே இருக்கு. ஊரே டேனரி வாடை, அதான்." ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. அடுத்து வருவதுதான் வயிற்றைக் கலக்கும். "மெடிக்கல்ல ஒரு சொட்டு மருந்து குடுத்தாங்க. போட்டா உடனே சரியாயிடுது. ரெண்டு வருஷமா அதான் போடுறோம்."

இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கு. வாங்க பார்ப்போம்.

2/ வருடம் 1819. லண்டனில் ஜான் பாஸ்டாக் என்ற டாக்டர், மருத்துவர் சங்கத்தில் ஒரு நோயாளியைப் பற்றி வாசிக்கிறார். 8 வயதிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் கண் சிவந்து அரிக்கும், தும்மல் வரும், மூச்சு இழுக்கும். அந்த நோயாளி வேற யாரும் இல்ல, அவரேதான்!

காரணம் வெயில் என்று நினைத்தார். தப்பு. தன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்த டாக்டருக்கே குற்றவாளி யாருன்னு தெரியல.

3/ உண்மையைப் பிடித்தவர் மான்செஸ்டர் நகரின் சார்லஸ் பிளாக்லி. பூவின் மகரந்தத்தைத் தன் கண்ணிலும் மூக்கிலும் தானே வைத்துச் சோதித்தார். பட்டத்தில் கண்ணாடித் துண்டைக் கட்டிப் பறக்கவிட்டு, உயரக் காற்றிலும் மகரந்தம் இருப்பதைக் காட்டினார். 1873-ல் இதைப் புத்தகமாகவே போட்டார்.

4/ 1906-ல் வியன்னா டாக்டர் கிளெமென்ஸ் பிர்கே இதற்கு 'அலர்ஜி' என்று பெயர் வைத்தார். அதாவது, வந்த தூசு விஷமில்லை. நம்ம உடம்புதான் அதை எதிரின்னு நினைச்சு சண்டைக்குப் போகுது. அந்தச் சண்டையில் கண்ணில் கொட்டும் ஹிஸ்டமின்தான் அரிப்பைக் கிளப்புது.

5/ இப்ப நம்ம ஊருக்கு வருவோம். ஆவாரம் பட்டையில் வாரக்கணக்கில் தோல் ஊறிய காலம் போய், குரோம் வந்தது. முடி நீக்கப் பெரும்பாலும் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் பயன்படுது. ஷூ கம்பெனியில் பசை வாடை, தோல் தேய்க்கும் தூசு. இதெல்லாம் யார் கண்ணையும் எரிக்கும். அது உறுத்தல், பெரும்பாலும் அலர்ஜி அல்ல.

எரிச்சல் பெரிசா இருந்தா உறுத்தல். அரிப்பு பெரிசா இருந்து, ரெண்டு கண்ணும் சிவந்து, நூல் மாதிரி பீளை வந்தா அலர்ஜியைச் சந்தேகிக்கணும்.

6/ டேனரிக்கு நற்சான்றிதழ் தர்றேன்னு நினைக்காதீங்க. கழிவுநீர் பாலாற்றைக் கெடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு நாடறிந்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்டணும் என்ற கொள்கை நம் சட்டத்தில் வேர்பிடித்ததில் இந்த வேலூர் வழக்குக்குப் பெரிய பங்குண்டு.

ஆனா பையனின் அரிப்புக்கு வீட்டுத் தூசுப் பூச்சியோ, பாலாற்று மணலில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேல மகரந்தமோ காரணமா இருக்கலாம். பள்ளி வயதுப் பையன்களுக்கு அதிகம் வரும் கடுமையான வகைக்கு 'வெர்னல்' என்று பெயர், 'வசந்த காலத்து' என்று பொருள். பெயர் வைத்தது ஐரோப்பா. நம்ம வெயிலுக்கு அது வருஷம் முழுக்க இருக்கும்.

7/ இப்ப அந்தச் சொட்டு மருந்து. 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மூட்டுவாத நோயாளிக்கு முதன்முதலாக கார்ட்டிசோன் கொடுத்தார்கள். படுத்துக் கிடந்தவர் எழுந்து நடந்தார். 1950-ல் நோபல் பரிசு. சில வருஷத்திலேயே ஸ்டீராய்டு கண் சொட்டு மருந்தாகவும் வந்தது. சிவந்த கண் ரெண்டே நாளில் வெள்ளையாச்சு. அதிசயம்!

8/ அதிசயத்துக்கு விலை இருந்தது. 1963-ல் அமெரிக்காவில் பெக்கர், அர்மாலி ஆகியோரின் ஆய்வுகள் அதைத் தெளிவாக்கின. வாரக்கணக்கில் ஸ்டீராய்டு சொட்டு விட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் எகிறும். அது குளுக்கோமாவில் கொண்டுபோய் விடலாம். வலி இருக்காது. ஓரப் பார்வை முதலில் போகும். போன பார்வை திரும்பாது.

ஒரு கண்டுபிடிப்பின் புகழ் தெருமுனை மெடிக்கல் வரைக்கும் வந்துடுச்சு. அதோட எச்சரிக்கை, 60 வருஷம் கழிச்சும் வந்து சேரல.

9/ ஸ்டீராய்டே கெட்டதா? இல்லை. சில நாளுக்கு, டாக்டர் கண் அழுத்தம் பார்த்துத் தரும்போது அது பார்வையையே காப்பாற்றும். பழைய சீட்டைக் காட்டித் திரும்பத் திரும்ப வாங்குவதுதான் ஆபத்து. அட்டையில் டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன்னு இருந்தா அது ஸ்டீராய்டு. நீண்ட நாளைக்கு வேற பாதுகாப்பான சொட்டு மருந்துகள் இருக்கு.

10/ செய்ய வேண்டியது:
• கண்ணைக் கசக்காதீங்க. கசக்கக் கசக்க கருவிழி மெலிந்து கூம்பிப் போகலாம்.
• சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைச்சு மூடிய கண் மேல வைங்க.
• வெளியே போய் வந்ததும் முகம் கழுவுங்க. தலையணை உறையை வெந்நீரில் துவைங்க.
• வேலையில் சுண்ணாம்போ கெமிக்கலோ கண்ணில் பட்டா, வண்டி தேடாதீங்க. முதல்ல அரை மணி நேரம் தண்ணீரால் கழுவுங்க, அப்புறம் ஆஸ்பத்திரி.
• மாசக்கணக்கில் சொட்டு மருந்து விட்ட பிள்ளைக்குக் கண் அழுத்தம் பாருங்க. சில நிமிஷ வேலை.

11/ ஐடா ஸ்கடர் 1902-ல் வேலூரில் திறந்த ஷெல் மருத்துவமனை பின்னாளில் கண் மருத்துவமனையாகவே ஆனது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. ஒரு பஸ் தூரம்தான்.

இன்னிக்கு வீட்டில் இருக்கும் சொட்டு மருந்து அட்டையை ஒருமுறை படிச்சுப் பாருங்க. சந்தேகம் இருந்தா அதையும் பிள்ளையையும் கூட்டிட்டுக் கண் டாக்டரிடம் போங்க.